கப்பலில் இரண்டாம் பந்தி

1

இந்த டிசம்பரில் நான் ஆரஞ்சுப் பெட்டி வாங்கவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றியபடி இதைப் படிக்கிறவருக்கு இது ஒரு சேதியாகத் தோன்றாது. வான்கூவரில் எங்கள் தெருவில் தோன்றியது. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

இங்கே குளிர் இறங்குகிற சமயத்தில் ஜப்பானிலிருந்து கப்பலில் கமலா ஆரஞ்சு வரும். ஒவ்வொரு பழத்தையும் பச்சைத் தாளில் பொதிந்து, பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். வந்த முதல் வருடம், பஸ் டிப்போவில் வேலை முடிந்து, நகக்கண்ணில் கிரீஸோடு நடந்து வருகிறபோது ஒரு கடை வாசலில் பார்த்தேன். ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறினேன். பனி கொட்டுகிற தெருவில், ஆரஞ்சு விளைகிற எங்கள் சேர்வராயன் மலை ஒரு விநாடி வந்து நின்றுவிட்டுப் போனது.

அன்றிலிருந்து இருபத்து நான்கு குளிர்காலம், தவறாமல் ஒரு பெட்டி. என் மனைவி மாதம்மாள் உரிப்பாள். நாரெடுத்து, சுளை பிரித்து, தட்டில் பூப்போல விரித்துவைப்பாள். நானும் மகளும் தின்போம். சொந்த ஊரான நாகலூருக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வரி இருக்கும். எங்களுக்கு இங்கேயும் ஆரஞ்சு கிடைக்கிறது, ஆகையால் நாங்கள் முழுக்கப் போய்விடவில்லை என்று.

ஏன் இந்த வருடம் வாங்கவில்லை என்பதைச் சொல்ல, ஆவணியில் நாங்கள் ஏறிய கப்பலிலிருந்து தொடங்கவேண்டும்.

2

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு மகள் செல்வி கொடுத்த பரிசு அது. படிப்பு முடித்து வேலைக்குப் போன முதல் வருடச் சம்பாத்தியத்தில், அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பயணம். மூன்று பேருக்கும். பயணம் முடிந்த அடுத்த மாதம் அவள் நாட்டின் மறுகோடிக்கு வேலை மாற்றிக்கொண்டு போகிறாள் என்பதையும் அதே தொலைபேசிப் பேச்சில் சொன்னாள். பரிசை முதலில் சொன்னாளா, பிரிவை முதலில் சொன்னாளா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

பிறகு படிவங்கள் வந்தன. இந்த நாட்டில் சந்தோஷம் எதுவும் படிவமில்லாமல் வராது. ஆளுக்கொன்று. பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண், நோய் விவரம், ஆபத்தென்றால் யாருக்குத் தகவல் சொல்வது. கடைசிப் பக்கத்தில் சாப்பாடு. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இரவுச் சாப்பாடு இரண்டு அமர்வாக நடக்கும், முதலாவது ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டரைக்கு, எது வேண்டும் என்று ஒரு கட்டத்தில் குறிக்கச் சொல்லியிருந்தது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, குறித்த மேஜையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் கொண்டுவருவதைச் சாப்பிடுகிற இடம் அது. அதெல்லாம் வேண்டாமென்றால் மேல் தளத்தில் பஃபே உண்டு. எந்த உடுப்பிலும் போகலாம், தட்டெடுத்து வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம்.

"கூடத்துலதான் சாப்புடோணும்" என்று செல்வி தொலைபேசியில் கறாராகச் சொல்லியிருந்தாள். "பஃபே பக்கமே போகக் கூடாது."

சரி என்று நான் என் படிவத்தில் முதல் அமர்வைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். மாதம்மாள் தன் படிவத்தை அடுப்படி மேடையில் வைத்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். நான் உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பினேன். செல்வி தன்னுடையதைத் தான் குடியிருந்த ஊரிலிருந்து தனியாக அனுப்பினாள்.

இருபத்து நான்கு வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தவன், மனைவியின் தாளை ஒருமுறை திருப்பிப் பார்க்கவில்லை.

3

கப்பலைத் துறைமுகத்தில் அண்ணாந்து பார்த்தேன். தண்ணீரில் நிற்கிற எதையும் அண்ணாந்து பார்த்துப் பழக்கமில்லாத கழுத்து என்னுடையது. பன்னிரண்டு மாடி. ஒவ்வொரு மாடியிலும் தேன்கூட்டின் அறை மாதிரி ஜன்னல்கள்.

"ஏனுங்க, நாகலூரு முழுசும் இதுக்குள்ள அடங்கீரும் போலிருக்குதுங்க" என்றாள் மாதம்மாள். கொஞ்சம் யோசித்து, "வெள்ளக்கடையும்" என்று தன் பிறந்த ஊரையும் சேர்த்துக்கொண்டாள்.

நான் ஓரிடத்தில் உட்காராத ஆள். அறையில் பெட்டியை வைத்ததும் தளம் தளமாக ஏறி இறங்கினேன். மரப்படிகள், பித்தளைக் கைப்பிடிகள், பியானோ, பளிங்கில் செய்த மீன். ஒரு கதவைத் தள்ளினால் நூலகம், இன்னொன்றைத் தள்ளினால் நீச்சல் குளம், மூன்றாவதைத் தள்ளினால் கடல். என் வயதுக்கு இப்படி வாயைத் திறந்துகொண்டு திரிவது அழகில்லைதான். ஆனாலும் திரிந்தேன்.

திரும்பி வந்தபோது அறையில் மூன்று சிறிய அட்டைகளைப் படுக்கையின் மேல் பரப்பிவைத்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, உங்களுக்கு மொத சிட்டிங். அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டாவது. நான் ரெண்டாவது கேட்டேன், உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். அம்மா எதுக்கு ரெண்டாவது போட்டாங்க?"

மாதம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அப்பா சாப்புட்டப்புறந்தானே கண்ணு நாம."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆண்கள் மொதப் பந்தி, பெண்கள் ரெண்டாம் பந்தி. படிவம் அதைத்தான் கேட்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஒரே மாதிரி புரிந்துகொண்டிருந்தோம். பசிபிக் சமுத்திரத்தில் மிதக்கிற ஒரு கம்ப்யூட்டர் எங்கள் நாகலூர் வழக்கத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றி வைத்திருந்தது.

4

கூடத்தின் வாசலில் ஒரு மேஜை, அதன் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அதிகாரி. எங்களுக்கு முன்னால் இருபது பேர். எங்கள் முறை வந்ததும் அவர் எங்கள் படிவங்களின் நகலையே எடுத்துக் காட்டினார். ஐயா, இது உங்கள் கையெழுத்து. அம்மா, இது உங்கள் கையெழுத்து. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறோம். இரண்டு அமர்வும் நிரம்பிவிட்டன, யாராவது இடம் விட்டால் சொல்லியனுப்புகிறேன். அதுவரை தனித்தனியாகக் கூடத்தில் சாப்பிடலாம், சேர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் மேலே பஃபே இருக்கிறது. எது சௌகரியம்?

மிக மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேலயே போலாமுங்க" என்றாள் மாதம்மாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

மேலே போனோம். கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே மலைகளும் நீரும் நகர்ந்துகொண்டிருந்தன. உள்ளே நாற்பது வகைக்குக் குறையாது. முழுசாகச் சுட்ட மாட்டிறைச்சி, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம், அதன் சிறகடியில் இறால் குவியல், பழங்களைக் கோபுரமாக அடுக்கி உச்சியில் ஒரு அன்னாசி. சேலம் கடைவீதியின் பெரிய ஓட்டல்கள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினாலும் இத்தனை வராது. எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை, சுற்றிவரத் தோன்றியது.

சுற்றி வருவதற்குள் மாதம்மாள் என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். தட்டெடுத்தாள், வரிசையில் நின்றாள், சோறும் கோழியும் போட்டு வந்து என் முன்னால் வைத்தாள். திரும்பப் போனாள். தண்ணீர். போனாள். மகளுக்கு ஒரு தட்டு. போனாள். எனக்கு ஊறுகாய் மாதிரி எதோ ஒன்று. போனாள், நான் பாதி சாப்பிட்டபோது இன்னும் கொஞ்சம் கோழி.

"அம்மா, உக்காருங்க."

"இதா வந்தாச்சு சாமி."

ஏழாவது தடவை போனபோது செல்வி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதுக்குத்தானப்பா நான் பஃபே வேண்டான்னேன்" என்றாள். அவளுடைய தமிழ் அவள் அம்மாவிடமிருந்து எடுத்த தமிழ். வான்கூவரில் பிறந்தவள் வாயில் எழுபதுகளின் வெள்ளக்கடை அப்படியே நின்றுபோயிருக்கிறது, நடுவில் மட்டும் இங்கிலீஷ் ஓடும். "ஊட்டுல அம்மா உக்காந்து சாப்புட்டு நான் பாத்ததே இல்ல. நின்னுட்டே, இல்லாட்டி நாம முடிச்சப்புறம். ஒரே ஒரு சாப்பாடு, அம்மா எந்திரிக்காம, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து சாப்புடோணும். அதுதான் கிஃப்ட். கப்பல் இல்ல."

மாதம்மாள் எங்கள் இரண்டு தட்டுகளும் காலியானதும் வந்து உட்கார்ந்தாள். மகள் மிச்சம் வைத்த கோழியையும் ஆறிப்போன சோற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சமையலறையில் கற்ற சுத்தத்தோடு, காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் வைத்தாள்.

"நொம்ப வகை வெச்சிருக்கறாங்க, இல்லீங்க?" என்றாள்.

5

மறுநாள் காலையில் தளத்தில் நின்றேன். மூடுபனி நீர்மட்டத்தோடு கிடந்தது. அதற்கு மேலே மலைகளின் தலைகள் மட்டும்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று உடம்பு சொன்னது. மார்கழியில், நாகலூரில், காபிச் செடிகளுக்கு நடுவே உள்ள பாறையில் ஏறி நின்றால் கீழே சேலம் இருக்காது. ஜில்லா முழுக்க மேகத்துக்குள் அமிழ்ந்து, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று சமதளமாகக் கிடக்கும். கஞ்சமலை ஒரு தீவு. தூரத்தில் இன்னொரு தீவு, அதற்குப் பேர் தெரியாது. நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கடல் இப்படித்தான் இருக்கும் என்று நானே சக பையன்களுக்கு அடித்துச் சொல்லியிருக்கிறேன். உப்புக் கரிக்குமா என்று ஒருவன் கேட்டான். இறங்கி நக்கிப் பார்த்துவிட்டு வா என்றேன்.

நாற்பது வருடம் கழித்து என் வாய்ச்சவடால் உண்மையாகிக் கண்ணெதிரே கிடந்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். இந்த உலகத்தில் மலையும் கடலும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்கின்றன போலும்.

அன்று மதியம் வெள்ளைக் கோட்டு அதிகாரி ஆளனுப்பினார். இரண்டாம் அமர்வில் ஒரு குடும்பம், தினமும் உடை மாற்றச் சோம்பல்பட்டு, இனி மேலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். மூன்று இடம்.

"உங்களுக்கு மொதப் பந்தி போயிருச்சுப்பா" என்றாள் செல்வி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

6

எட்டரை மணிக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. வடக்கே போகப் போகப் பொழுது சாய மறுத்தது. என் ஆயுளில் முதல்முறையாக நான் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன்.

எங்கள் மேஜையில் எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி, சமவெளியில் கோதுமை விளைவிக்கிறவர்கள். அவர் பெயர் வால்டர், காது மந்தம். அவர் மனைவி மார்த்தா, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவார். பரிமாறுகிறவர் ராமோன், பிலிப்பைன்ஸ்காரர். மாதம்மாள் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில், நாற்காலி நுனியில், பஸ் வந்ததும் எழுந்துவிடுகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

ரொட்டிக் கூடை வந்தது. ராமோன் அதை நடுவில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கூடையை இடது கையில் ஏந்தி, வால்டரிடமிருந்து ஆரம்பித்து, மேஜையைச் சுற்றி ஆளுக்கொன்று வைத்தாள். வால்டருக்கு இரண்டாவதும் வைத்தாள். அவர் கையால் தட்டை மறைத்தார். எங்கள் ஊரில் அப்படி மறைத்தால் இன்னொன்று வை என்று அர்த்தம். வைத்தாள்.

"அம்மா" என்றாள் செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் சேலைத் தலைப்பைத் தொட்டு, "உக்காரு மாது" என்றேன். மார்த்தா மட்டும் ரசித்துச் சிரித்தார். சூப் முடிந்ததும் மாதம்மாள் மறுபடி எழுந்து கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

ராமோன் கிட்டத்தட்ட ஓடிவந்தார். குனிந்து, மிக மெல்ல, எளிய ஆங்கிலத்தில் சொன்னார். "அம்மா, உங்கள் கை என் வேலையைச் செய்தால், அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் என்னைப் பார்ப்பார். இவனுக்கு எதற்கு இந்த மேஜை வேலை என்று கேட்பார்."

அவள் தூணைப் பார்த்தாள். ராமோனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தட்டு வரிசைக்கு மேற்பார்வை பார்க்கிற ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிண்ணங்களை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். இந்த முறை நாற்காலியின் முதுகு வரைக்கும் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் சொல்லி நடக்காதது, நான் சொல்லி நடக்காதது, இன்னொருத்தர் பிழைப்பு என்றதும் நடந்தது.

அடுத்த சூடான தட்டு அவள் முன்னால் வந்தது. மீன், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு எலுமிச்சை. முதல் வாயில் நாக்கைச் சுட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏனுங்க, இதென்னங்க இத்தனை சூடு."

எல்லோருக்கும் அதே சூடுதான். அவளுக்குத்தான் பழக்கமில்லை. இருபத்தைந்து வருடமாக நான் ஆவி பறக்கச் சாப்பிட்ட சோறு, அவளிடம் போய்ச் சேரும்போது ஆறியிருந்தது.

நான் சாப்பிடாமல் அவளைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். என் மனைவி எப்படிச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மீனின் மொறுமொறுத்த தோலை முதலில் தனியே எடுத்துத் தின்றாள். ரொட்டியில் மேலோடு மட்டும், நடுவிலிருந்த பஞ்சு அப்படியே கிடந்தது. எலுமிச்சையைப் பிழியாமல் கடித்தாள். மிளகு அரைக்கிற கட்டையை ராமோன் கொண்டுவந்தபோது, போதும் என்று சொல்லாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அரைத்துக்கொண்டே இருந்தார். உருளைக்கிழங்கு கடைசிக்கு. ருசியாக இருந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறாள். மேஜைக்கடியில் இடதுகால் பெருவிரல் மெல்ல ஆடுகிறது.

வெளியே பனிமலைகள் செந்தணலாக நின்றன. எல்லோரும் ஜன்னலைப் பார்த்து வியந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்த்து வியந்துகொண்டிருந்தேன்.

7

நான்காவது நாள் பனியாறு. கப்பல் எஞ்சினை அடக்கிக்கொண்டு நின்றது. எங்களுக்கு எதிரே நீல நிறத்தில் ஒரு சுவர். அதிலிருந்து ஒரு கோபுரம் சத்தமே இல்லாமல் சாய்ந்தது, விழுந்து தண்ணீர் எழுந்த பிறகுதான் இடி வந்து சேர்ந்தது. மாதம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் குனிந்து நுழைகிறபோது அவள் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

அன்றுதான் எங்கள் கல்யாண நாள். சாப்பாட்டுக்குப் பிறகு ராமோனும் இன்னும் நான்கு பேரும் மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கோடு வந்து பாடினார்கள். மார்த்தா மாதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "உன் கல்யாணத்தன்று விருந்தில் என்ன சாப்பிட்டாய்?"

செல்வி தமிழில் திருப்பிச் சொன்னாள். நான் உள்ளுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டேன். நெல்லுச் சோறு, அவரைக் குழம்பு, மிளகு ரசம், பாயசம். காபி காயப்போடும் களத்தில் பந்தல் போட்டு, அப்பா கடன்பட்டாவது சாமைச் சோறு கூடாதென்று பிடிவாதமாக நின்ற விருந்து. இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

மாதம்மாள் தன் சொந்த ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்லை. நான் பரிமாறினேன். முடிந்துபோச்சு."

மேஜை சிரித்தது. அவளும் சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. "அம்மா, நெசமாவா?"

"ஆமா கண்ணு. தாலி கட்டுனதும் பொண்ணு, மாப்பள ஊட்டுக்காரங்களுக்கு ஒரு கரண்டி சோறு போடோணும். நம்ம பங்காளிக வழக்கம். ஒரு கரண்டிதான், அப்புறம் உக்காந்துக்கலாம். நான் கரண்டியக் கையில வாங்குன நேரத்துக்கு மழை புடிச்சுது. சேலத்துச் சனம் ஒரே பஸ்ஸுல வந்து எறங்குச்சு. ஆளாளுக்குப் பந்தலப் புடிக்க ஓடுனாங்க. கரண்டிய வாங்க யாரும் வரல. அவங்க போடு போடுங்கறாங்க, நான் போட்டுட்டே இருந்தேன். கடசீல பாத்தா குண்டா காலி."

"அப்பா எங்க இருந்தாங்க?"

"அப்பா மொதப் பந்தீல இருந்தாரு."

அவள் என்மேல் குறை சொல்லவில்லை. மழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மழை ஞாபகம் இருந்தது. பஸ் ஞாபகம் இருந்தது. இலையில் மூன்றாவது தடவையாகச் சோறு விழுந்தபோது தெரிந்த கண்ணாடி வளையல் போட்ட கையும் ஞாபகம் இருந்தது. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்க வேண்டும்.

8

கடைசி நாள் சாயங்காலம் செல்வி தன் வயதுப் பிள்ளைகளோடு நடனம் கற்கப் போய்விட்டாள். கூடத்தில் எங்கள் மேஜை காத்திருந்தது, ராமோனிடம் முன்கூட்டியே சொல்லி விடைபெற்றுக்கொண்டேன்.

"இன்னைக்கு மேல போலாம் மாது" என்றேன்.

"உங்களுக்குக் கோட்டு போடச் சோம்பல்" என்றாள்.

"அதில்ல. இன்னைக்கு நான் போட்டுக் கொண்டு வாரேன். நீ உக்காந்திரு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? தட்டு எங்கிருக்குதுன்னு தெரியுமுங்களா?"

தெரியவில்லைதான். ஒரு சின்னப் பெண் காட்டிக்கொடுத்தாள். தட்டோடு அந்த நாற்பது வகைக்கு முன்னால் போய் நின்றேன். முதல் நாள் இருந்த அதே இறால், அதே அன்னம், அதே கோபுரம். நாலைந்து சாயங்காலம் ஒளிந்து பார்த்த பாடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். தோல் மொறுமொறுத்த மீன். ரொட்டியில் ஓரத் துண்டு. எலுமிச்சை. மிளகை நானே கை வலிக்க அரைத்தேன். உருளைக்கிழங்கை ஒதுக்கமாக, கடைசிக்குத் தோதாக வைத்தேன். பழக் கோபுரத்தின் அடியில் கமலா ஆரஞ்சு கண்ணில் பட்டது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கேயே நின்று உரித்தேன், நாரெடுத்தேன், அவள் விரிப்பதைப் போலவே பூவாக விரித்தேன்.

ஜன்னலோரம், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மிளகைப் பார்த்ததும் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு ஒரு விரலால் ஆரஞ்சை, சுளை சுளையாக, தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இது எனக்குப் புடிக்காதுங்க."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதைப் பற்றியும்.

"ஆரஞ்சா?"

"எட்டு வயசுல இருந்து சொமந்ததுங்க. எங்கய்யன் தோட்டத்துல இருந்து ஏற்காடு சந்தைக்கு, கூடை கூடையா. அந்த வாசனை வந்தாலே இப்பவும் கழுத்து வலிக்குது."

"வருசா வருசம் உரிச்சியே மாது."

"உங்களுக்குப் புடிக்குமேன்னு உரிச்சேன். நான் திங்கறத எப்பப் பாத்தீங்க?"

பார்த்ததில்லை. பனியில் என் முன்னால் வந்து நின்ற மலை, அவள் கழுத்தின்மேல் இறங்கிய மலை. இரண்டும் ஒன்று என்று இருபத்து நான்கு வருடம் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

"அப்ப உனக்கு எந்தப் பழந்தான் புடிக்கும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் கேள்விக்கான இடத்தை அவள் தனக்குள் தேடுவது மாதிரி இருந்தது.

"தெரியலீங்க" என்றாள். "பாத்தாத்தான் தெரியும். நீங்க உக்காருங்க, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

எழுந்து போனாள். ஒரு காலித் தட்டை எடுத்தாள். அந்த நீண்ட மேஜையின் ஒரு கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். சிலவற்றை முகர்ந்தாள். பின்னால் வந்தவர்களைத் தாண்டிப் போகவிட்டாள். பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பழத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப வைத்து, இரண்டடி நடந்து, மறுபடி வந்து அதையே எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

நொம்ப நேரம் கழித்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஒரே ஒரு தட்டுத்தான். நிறைய வைத்திருந்தாள்.

எனக்கென்று அதில் எதுவும் இல்லை.